மின்தடையும் ஏடு காத்தலும்

ஏடெழுதுதலினும் ஏடு காத்தல் அரிது. முன்னோர் கறையானுக்கு அஞ்சினர். யாமோ மின்தடைக்கு அஞ்சுகின்றோம். ஒரு பாடசாலையின் வரவுப் பதிவுக் கருவி, மின்தடையொன்றால் ஒரு தவணை வரவு முழுவதையும் இழந்தமையை யாம் நேரிற் கண்டதுண்டு. பிழை மின்சாரத்தினதன்று, கருவிக்குட் பொதிந்த சிறு கணினிக்குத் தெரிந்தெடுத்த கோப்பு முறைமையினதே. கோப்பு முறைமையாவது, நினைவகத்தில் எது எங்குளதென அட்டவணையிட்டு ஆளும் ஏற்பாடு.

1977 இல் தோன்றிய எவ். ஏ. ரி. முறைமை எளியது, எங்கும் வழங்குவது. எனினும், அட்டவணையை இருந்தவிடத்திலேயே அது திருத்தும். திருத்தம் இடையில் அறுந்தாற் பழையதுமில்லை, புதியதுமில்லை. பிளாஷ் நினைவகத்தில் இவ்விடர் பெரிது. என்னை? அங்கு ஒரு பகுதியை முழுவதும் அழித்த பின்னரே மீள எழுதலாகும். அழிக்கும் தடவைகளுக்கும் எல்லையுண்டு.

இதற்குப் பரிகாரம், பழையதை அழியாது புதியதை வேறிடத்தில் எழுதி முடித்தலேயாம். சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் 1999 இல் இந்நெறியில் ஜே. எவ். எவ். எஸ். என்பதை ஆக்கிற்று. 2001 இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெரிய நினைவகத்தில் அது தொடங்கத் தாமதிக்குமாதலின், 2008 இல் யூ. பி. ஐ. எவ். எஸ். லினக்ஸிற் சேர்ந்தது. ஆம் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட லிற்றில் எவ். எஸ்., மிகச்சிறு கணினிக்குரியது. அட்டவணைக்கு இரு பகுதிகளை வகுத்து, சரிபார்ப்பெண் பொருந்தும் பதிவினையே கொள்ளும்.

தெரிவு செய்வோர் முதலில் நினைவகத்தின் வகையை நோக்குக. வெறுஞ் சில்லாயின் மேற்கூறியவை பொருந்தும். நினைவக அட்டையாயின் அதற்குத் தனிக் கட்டுப்படுத்தி உண்டு. ஆண்டு எக்ஸ்ற் 4 போன்ற, குறிப்பேடு பேணும் முறைமை ஏற்றது. அக்குறிப்பேடு பொதுவாக அமைப்பைக் காக்குமேயன்றி, உள்ளடக்கம் முழுவதையும் காவாது. கட்டுப்படுத்தியே தவறுமாயின் எம்முறைமையும் உதவாது.

எழுதுவோன் கடனும் உண்டு. புதிய கோப்பை வேறு பெயரில் எழுதுக. அது நினைவகத்தை உண்மையாக அடைந்ததை உறுதிசெய்க. அதன்பின் பழைய பெயரை அதற்கிடுக. ஈற்றில், எழுதும் வேளையிற் பன்முறை மின்னைத் துண்டித்துச் சோதிக்க. சோதியாத நம்பிக்கை நம்பிக்கையன்று. மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.