குச்சி கடையப் பழகும் பிள்ளைகளுக்கு

கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைந்து கை தேறியவர்கள்கூட ட்ரம்ஸ் குச்சிக்கு வந்ததும் திணறுகிறார்கள். பதினாறு அங்குல நீளம், அரை அங்குலத்தைச் சற்றே தாண்டிய தடிமன். அவ்வளவு ஒல்லியான மரம் லேத்தில் சும்மா நிற்காது, துள்ளும், வளையும். கடைந்து முடித்தபின் அது ஒருவர் கையில் மணிக்கணக்காக உழைக்க வேண்டும். வாசிப்பவரின் மணிக்கட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் நார் ஓட்டத்தைப் பாருங்கள். குச்சியின் ஆயுள் உளி படுமுன்பே முடிவாகிவிடுகிறது. நார் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், எத்தனை அழகாகக் கடைந்தாலும் அந்தச் சாய்விலேயே ஒருநாள் பிளக்கும். ரம்பம் நாரைப் பார்த்து அறுக்காது. அதனால் முடிந்தவரை ஆப்பு வைத்துப் பிளந்தெடுங்கள். பிளவு நாரோடுதான் போகும். அறுத்த மரம்தான் கிடைத்தது என்றால், இழைத்த முகத்தில் ஒரு சொட்டுப் பேனா மை விடுங்கள். மை நார் வழியே இழுபட்டு ஓடும். அது கட்டையின் விளிம்புக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். பக்கத்து முகத்திலும் இதைச் செய்ய வேண்டும். சாய்ந்திருந்தால் அந்தக் கட்டையை வேறு வேலைக்கு ஒதுக்குங்கள். பாதி கழிந்தாலும் வருத்தப்படாதீர்கள்.

2. உலகத்தில் விற்கும் ட்ரம்ஸ் குச்சிகளில் பெரும்பாலானவை ஹிக்கரி மரம். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளர்வது, அடியைத் தாங்கி அதிர்வையும் வாங்கிக்கொள்வது. மேப்பிள் ஹிக்கரியைவிட இலகு, ஜப்பானிய ஓக் ஹிக்கரியைவிடக் கனம். நம் பக்கத்தில் எனக்குப் பிடித்தது சடச்சி. கோடாலிக் காம்புக்குப் போகும் மரம். வளைந்து நிமிரும் குணம் அதற்கு உண்டு. கருவேலம் உறுதிதான், ஆனால் நேரான நாருள்ள கட்டை கிடைப்பது அரிது. தேக்கு கதவுக்கும் நிலைக்கும் இருக்கட்டும். ஓயாமல் அடி வாங்கும் வேலைக்கு அது ஆகாது. வைரம்தான் வலு, வெள்ளை வீண் என்று நாம் பழகிய கணக்கு ஹிக்கரியில் செல்லாது. கனம் ஒன்றாக இருந்தால் சிவந்த வைரமும் வெள்ளைப் பாகமும் ஒரே வலுதான் என்று அமெரிக்க அரசின் மர ஆய்வுக்கூடம் சோதித்துச் சொல்லியிருக்கிறது. நிறத்தைப் பார்க்காமல் தராசைப் பாருங்கள்.

3. கட்டையை நிழலில், காற்று புகும்படி அடுக்கிக் காய வையுங்கள். வெயிலில் போட்டால் முனை வெடிக்கும். முதலில் தடிமனாக உருட்டி வைத்து, சில வாரம் கழித்து, வளையாமல் நின்றதை மட்டும் எடுத்து அளவுக்குக் கடையுங்கள்.

4. தொங்கும் சட்டைக்கை, தோள் துண்டு, கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

5. டெயில் ஸ்டாக்கை இறுக்காதீர்கள். ஒல்லிக் கட்டையை இரண்டு பக்கமும் நெருக்கினால் நடு வில்லாக வளையும், உளி பட்டதும் கடகடவென்று அதிரும். ஆடாமல் நிற்கும் அளவு போதும். நடுப்பகுதி கடையும்போது இடக்கை விரல்களை மரத்தின் பின்னால் மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள். விரல் சுட்டால் உளியை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்தித் தீட்டுங்கள்.

6. எப்போதும் தடிமனிலிருந்து ஒல்லியை நோக்கிக் கடையுங்கள். எதிர்த்துப் போனால் நார் பிய்யும். கழுத்தையும் நுனி மணியையும் கடைசிக்கு வையுங்கள், அங்கே மெலிந்துவிட்டால் மற்ற இடத்தில் உளி வைக்க முடியாது.

7. அளவை மனம்போல வைக்காதீர்கள். 5ஏ என்றால் ஏறக்குறைய 14.4 மி.மீ. விட்டம், 406 மி.மீ. நீளம். 7ஏ ஒல்லி, 2பி தடிமன்; எண் குறையக் குறையக் குச்சி பருக்கும். கழுத்துச் சரிவு நீண்டால் குச்சி துள்ளும், குறுகினால் முன்கனமாக இறங்கும். மணி உருண்டையாக இருந்தால் சிம்பலில் ஓசை தெளிவாக விழும். நீர்த்துளி வடிவம் ஓசையைச் சற்று விரித்துக் கொடுக்கும். வாசிப்பவரைக் கேட்டுவிட்டுக் கடையுங்கள்.

8. கடைசி உப்புத்தாளை லேத்தை நிறுத்தி நார்வாக்கில் போடுங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக்க வேண்டாம், வியர்த்த கையில் நழுவும். ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள்.

9. நீங்கள் செய்வது ஒரு குச்சி இல்லை, ஒரு ஜோடி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஒரே கட்டையில் எடுத்த இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முதலில் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள்; கோணல் இருந்தால் தத்தும். பிறகு தராசில் வையுங்கள். நல்ல 5ஏ சுமார் 50 கிராம் நிற்கும்; இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கிராமைத் தாண்ட விடாதீர்கள். கடைசியாகக் காது. லேசாகப் பிடித்து ஒரே பலகையில் தட்டிக் கேளுங்கள். ஒன்று கீச்சென்றும் மற்றது மந்தமாகவும் ஒலித்தால், ஒரே ட்ரம் இரண்டு கைக்கும் இரண்டு குரலில் பேசும். போஸ்டன் சிம்பொனியில் டிம்பனி வாசித்த விக் ஃபர்த், கடையில் கிடைத்த குச்சிகள் தன் வாசிப்புக்குப் போதாமல்தான் 1963இல் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார். எடையிலும் சுருதியிலும் சேர்ந்த ஜோடியைக் கடை வழக்கமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோடி சேராத நல்ல குச்சியைத் தனியே வையுங்கள். அதற்கு இணை அடுத்த மாதம்கூட வரலாம்.

10. வாங்கியவரிடம், உடைந்ததைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். நீளமாக, வழவழப்பாகச் சாய்ந்து பிளந்திருந்தால் நார் ஓட்டம் பார்த்ததில் பிழை. முள்ளங்கி முறிந்ததுபோல் குறுக்கே படக்கென்று போயிருந்தால் மரமே நொய்ந்தது. தோளில் சிம்பல் விளிம்பு தின்று, நார் நாராகச் சிதைந்திருந்தால் அது உழைத்துத் தேய்ந்த நல்ல குச்சி. முதல் இரண்டு வகைக்குப் பணம் கேட்காமல் வேறு ஜோடி கொடுத்து, அந்தக் கட்டை எங்கே வாங்கியது என்று குறித்து வையுங்கள்.