உலை வைக்கும் கலை

வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், பிளவக்கல் என்னும் இடம் உள்ளது. அங்கே பெரியாறு, கோவிலாறு என இரண்டு நீர்த்தேக்கங்கள் உள்ளன. இந்தப் பெரியாறு கேரளத்துப் பெரியாறு அன்று. பெயர் ஒன்றாயினும் ஆறு வேறு. மலைமேற் பெய்த மழை இத்தேக்கங்களில் நின்று, கால்வாய் வழியே ஓடிக் கண்மாய்களை நிரப்பி, வயல்களிற் பாய்ந்து நெல்லாகின்றது. நெல் களத்துக்குச் சென்று, ஆலைக்குச் சென்று, அரிசியாகி வீடு வந்து சேர்கின்றது. அப்பொழுதும் அது உணவாகிவிடவில்லை. அடுப்பிலிருந்து இலைக்குச் செல்லும் சிறு தொலைவு இன்னும் எஞ்சியுள்ளது. அந்தச் சிறு தொலைவிலேதான் எத்தனை இடர்கள்! எத்தனை இன்பங்கள்!

இக்காலத்தில் அத்தொலைவைக் கடவாமலே உண்ணுதற்கு வழிகள் பல உள்ளன. அரைத்த மாவு கடையிற் கிடைக்கின்றது. குழம்புப் பொடி பையிற் கிடைக்கின்றது. உணவுவிடுதிச் சோறு வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றது. உழைத்துக் களைத்தவர்க்கு இவை உதவி என்பதில் ஐயமில்லை. எனினும், உலையில் அரிசியிட்டு வடிக்கத் தெரியாமலே ஒருவர் வளர்ந்து விடுவராயின், நாள்தோறும் தாம் உண்ணும் பொருளைப் பற்றி அவர் அறிந்திருப்பது மிகக் குறைவே.

சமையலைத் தமிழர் சிறுதொழிலாகக் கருதவில்லை. சமைத்தலை 'அடுதல்' என்றனர். சமைக்கும் இடத்தை 'அட்டில்' என்றனர். சமைத்த உணவை 'அடிசில்' என்றனர். அவித்தல், வறுத்தல், பொரித்தல், வதக்கல், வாட்டல், கடைதல், மசித்தல், தாளித்தல் எனத் தீயின் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சொல் வைத்தனர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு விருந்திட்ட செய்தியைக் கூறும் சிறுபாணாற்றுப்படை, அவ்வுணவு வீமன் இயற்றிய மடைநூலின் நெறி பிறழாமற் சமைக்கப்பட்டது என்கின்றது. நல்ல சமையலை 'நளபாகம்' என்று சொல்லும் வழக்கும் உண்டு. வீமனும் நளனும் ஆடவர், மன்னர் குலத்தவர். அடுக்களை பெண்டிர்க்கே உரியது என்று வாதிடுவோர் இவ்விருவரையும் எப்படியோ மறந்து விடுகின்றனர்.

ஆயினும், வீட்டுச் சமையலின் இன்பத்தையும் இடரையும் ஒருசேரக் காட்டுவது, குறுந்தொகையில் உள்ள 167-ஆம் பாடலே ஆகும். அதனைப் பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக மணமான மகளின் வீட்டுக்குச் சென்று வந்த செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுகின்றாள். அம்மகள் கட்டித் தயிரைத் தன் மெல்விரலாற் பிசைந்தாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிப்பின் புகை கண்ணில் நிறைந்தது. அவ்வாறு தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான். அவள் முகம் சிறிதே மலர்ந்தது. பாடல் கூறுவது இவ்வளவே. அந்தச் சுருக்கமே பாடலின் அழகு. ஆனால், இன்று அதனைப் படிக்கும் நாம் வேறொன்றும் கேட்கலாம். அவள் கண்ணிற் புகை புகுந்த வேளையில் அவன் எங்கே இருந்தான்?

இனி, பிளவக்கல் பக்கத்துச் சிற்றூரில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை. உறவினர் திருமணத்திற்காகத் தாய் இராசபாளையம் சென்றுள்ளாள். தந்தை தென்னந்தோப்பில் இருக்கின்றார். பத்தாம் வகுப்பிற் படிக்கும் அக்காளும் எட்டாம் வகுப்பிற் படிக்கும் தம்பியும் பகலுணவு சமைக்க முற்படுகின்றனர். குக்கரின் இரப்பர் வளையம் அறுந்து போயிற்று. ஆகவே, எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான் வேகவேண்டும்.

தம்பி உலையில் அரிசியை இட்டு, பாத்திரத்தை இறுக மூடிவிட்டு, அப்பால் நகர்ந்தான். சற்று நேரத்தில் கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அக்காள் ஓடி வந்து முதலில் எரிவாயுவை அடைத்தாள்; சன்னலைத் திறந்தாள்; பிறகே பாத்திரத்தைத் தொட்டாள். அவள் செய்த வரிசை சரியானது. கஞ்சி ஏன் பொங்கிற்று? அரிசியிலிருந்து கரைந்த மாவுப்பொருள் நீரைப் பிசுபிசுப்பாக்குகின்றது. கீழிருந்து எழும் நீராவிக் குமிழிகள் அதனால் எளிதில் உடையாமல் நுரையாகத் திரள்கின்றன. மூடி ஆவியை அடைத்து வைத்தலால் நுரை மேலும் மேலும் ஏறுகின்றது. மூடியைச் சற்றே விலக்கி வைத்துத் தீயைத் தணித்தால் போதும்.

மீண்டும் அடுப்பை ஏற்றினர். இம்முறை சோறு குழைந்தது. அடுத்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தாள்.

"புதுநெல் அரிசியா, தம்பி?" என்று வினவினாள்.

"ஆம், பாட்டி. சென்ற மாதம் அறுத்தது."

"அப்படியானால் நீரையும் நேரத்தையும் குறைத்திருக்க வேண்டும். பழைய அரிசி உலர்ந்தது, நீரை நிறையக் குடிக்கும், உதிரியாக நிற்கும். புது அரிசி விரைவிற் குழையும். கடிகாரத்தைப் பார்க்காதே, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்" என்றாள் பாட்டி.

வடித்த கஞ்சியைத் தம்பி கொட்டப் போனான். பாட்டி தடுத்தாள். உப்பிட்டுக் குடிக்கச் சொன்னாள். அவள் சொன்னதிற் பொருள் உண்டு. அரிசியில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரிற் கரையக் கூடியது. கஞ்சியைக் கொட்டுவோர் அதிற் சிறிதையும் கொட்டிவிடுகின்றனர். நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும் வழக்கத்தின் சிறப்பும் இங்கே விளங்கும். அவிக்கும்போது தவிட்டில் உள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகின்றது. ஆதலால், தீட்டிய பின்னும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அது மிகுதியாக நிலைக்கின்றது.

அக்காளின் பொறுப்பில் இருந்தது சாம்பார். அவள் துவரம்பருப்பையும் புளிக்கரைசலையும் ஒன்றாக ஏற்றிவிட்டாள். ஒரு மணி நேரம் கடந்தது, பருப்போ வேகவில்லை. தீயைக் கூட்டினாள், பயனில்லை. குற்றம் தீயிலன்று, புளியில் உள்ளது. பருப்பின் நுண்ணறைகளைப் பெக்டின் என்னும் பொருள் பசைபோல் இணைத்து வைத்துள்ளது. வேகுதல் என்பது பெரும்பாலும் அப்பசை கரைந்து நெகிழ்தலே. புளியின் அமிலம் அதனைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரும் ஏறத்தாழ இவ்வாறே செய்யும். பருப்பு வெந்து மலர்ந்த பிறகே புளி சேர்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் கூறியது இதனாலேதான். பெக்டின் என்னும் பெயரை அவர்கள் அறியார். அதன் குணத்தை நன்கு அறிவர்.

வேறு பருப்பை வேகவைத்து அதனுடன் சேர்த்தாள். உப்பை அவளும் இட்டாள். அவள் இட்டதை அறியாத தம்பியும் இட்டான். வாயில் வைக்க இயலவில்லை. ஓர் உருளைக்கிழங்கைப் போட்டால் அது உப்பை உறிஞ்சிவிடும் என்று பலர் கூறுவர். கிழங்கு உறிஞ்சுவது உப்புநீரையே. உப்பை மட்டும் பிரித்தெடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. நீரும் பருப்பும் காயும் கூட்டி, குழம்பின் அளவைப் பெருக்குவதே வழி. ஆகவே, நால்வர்க்கென வைத்த சாம்பார் எண்மர்க்கு ஆகும் அளவினதாயிற்று. ஒரு கிண்ணம் பாட்டிக்குச் சென்றது.

தாளிக்கும் கட்டம் வந்தது. காய்ந்த எண்ணெயிற் கடுகு இட்டால் வெடிப்பானேன்? கடுகினுள் உள்ள ஈரம் ஆவியாகி, வெளிவர வழியின்றித் தோலைப் பிளக்கின்றது. கழுவிய கறிவேப்பிலையைத் துடையாமல் இட்டபோது எண்ணெய் சீறித் தெறித்து அக்காளின் மணிக்கட்டைச் சுட்டது. உடனே குழாய் நீரிற் கையைப் பிடித்து, நெடுநேரம் குளிரச் செய்தாள். மாவும் பற்பசையும் பூசுவது தவறு. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிகின்றது. எண்ணெய்ச் சட்டி தீப்பற்றிக் கொண்டால் அதில் நீர் ஊற்றலாகாது என்பதற்கும் இதுவே காரணம். ஊற்றிய நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை அறை முழுதும் வீசிவிடும். அடுப்பை அணைத்து, சட்டியை ஒரு தட்டினால் மூடிக் காற்றை அடைக்க வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடலாகாது. இதனை மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்துதல் நன்று. சமையலின் மற்றப் பிழைகள் நாவோடு போகும். இது உயிரோடு விளையாடும்.

குழைந்த சோறும் நீர்த்த சாம்பாரும் உண்டு முடித்தனர். தந்தை இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். அவர் பசியால் கேட்டாரா, பரிவால் கேட்டாரா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

வெற்றி தந்த துணிவால் தம்பிக்குப் பால்கோவா செய்யும் ஆசை எழுந்தது. அருகில் உள்ள திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு வேண்டுவன பாலும் சர்க்கரையுமே என்று கேட்டிருந்தான், எளிதென எண்ணினான். பொருள் குறைந்த சமையலே அரியது என்பதை அவன் அறியான். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். இரண்டு லிட்டர் பாலில் உள்ள நீரெல்லாம் போனால் எஞ்சுவது கால் கிலோவுக்குச் சற்று மிகுதி. அந்நீரைப் போக்கும் வரையில் அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பத்தால் திரியும் புரதம் பாத்திரத்தின் அடியிற் படிகின்றது. அங்கே அது பாலின் சர்க்கரையோடு கூடி, முதலில் மணமும் பொன்னிறமும் பெறுகின்றது. அவ்வளவில் துடுப்பு அதனை வழித்துப் பாலோடு கலந்துவிட்டால் சுவை, தவறினால் கரி. இரண்டுக்கும் இடையே உள்ள பொழுது மிகச் சிறிது.

முக்கால் மணி நேரம் தம்பி கிளறினான். தெருவில் பந்து விளையாடும் ஒலி கேட்டது. அவன் வாயில்வரை சென்று மீண்டான். அதற்குள் அடிபிடித்துவிட்டது. அக்காள் அடியைச் சுரண்டாமல் மேற்பகுதியை மட்டும் வேறு பாத்திரத்திற்கு மாற்றித் தீயைத் தணித்தாள். கிண்ணம் அளவு தேறிற்று. சிறிதே தீய்ந்த மணம் இருந்தது. ஆயினும், அவ்வீட்டில் அன்று அதனைக் குறை கூறியவர் எவரும் இலர்.

மாலையில் தாய் திரும்பி வந்தாள். சாம்பாரைச் சுவைத்தாள், பால்கோவாவைச் சுவைத்தாள். "நன்றாகவே இருக்கிறது" என்றாள். பிறகு அடுக்களைக்குட் சென்றாள். வழிந்த கஞ்சி அடுப்பில் காய்ந்திருந்தது. முற்றத்திற் பற்றுப் பாத்திரங்கள் குவிந்திருந்தன. அவற்றின்மேல் கரிபிடித்த பால்சட்டி கவிழ்ந்து கிடந்தது.

"இவற்றைத் தேய்ப்பவர் யார்?" என்று கேட்டாள்.

நாள்தோறும் அவ்வீட்டில் எழாத வினா அது. அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் நோக்கினர். தந்தை எழுந்து, பால்சட்டியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். தம்பி தேங்காய் நார் தேடப் போனான்.