உபாத்தியாயர் ஆகுமுன் ஒரு மாதம்



சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதை நாம் எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். காணாமற்போன பாலனை மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டபோது, அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? பிரசங்கம் செய்யவில்லை. போதகர் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும், அவர்களை வினவிக்கொண்டும் இருந்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார். சகல ஞானத்துக்கும் ஊற்றானவர் முதலில் உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்து போதிக்கத் தொடங்கியதோ ஏறக்குறைய முப்பது வயதில்.

இவ்வாரப் பாடம், ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிக்கும் வாலிபருக்கும் இளம்பெண்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்லும் பெற்றோருக்கும் உரியது.

நம் வெள்ளகோவில் வீடுகளில் பிளஸ் டூ முடிந்தவுடன் நடக்கும் பேச்சு நமக்குத் தெரியாததல்ல. "டீச்சருக்குப் படிக்க வெச்சுட்டா தேவலைங்க. லீவு இருக்கும், நேரத்துல ஊடு வந்து சேந்துக்கலாம்" என்று தாய் சொல்லுவாள். தகப்பன் பயிற்சிக் கட்டணத்தையும், தறி ஓட்டி அதைக் கட்டுவதற்கு ஆகும் மாதங்களையும் மனதுக்குள் கணக்குப் போடுவார். இதில் குற்றம் காண நாம் துணியவில்லை. பிள்ளைக்கு நல்ல உத்தியோகம் அமையவேண்டுமென்று விரும்பாத பெற்றோர் யார்? ஆனால் அந்தப் பேச்சில் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. அவர்தான் நாளைக்கு அந்த ஆசிரியரின் முன்னால் பாயில் உட்காரப்போகிற ஆறு வயதுக் குழந்தை.

இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் அறுபதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து ஆண்டு. ஆண்டுக்கு முப்பது பிள்ளைகள் என்றாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆத்துமங்கள் அவர் கைவழியாகப் போகும். குழந்தைகளின் சத்தமே பொறுக்காத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அவர் படும் வேதனை ஒருபுறமிருக்க, அந்த ஆயிரம் பேர் படுவது எவ்வளவு! கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் காளை வாங்குகிறவர்கூட அதை நாலடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகல்லவா துண்டுக்குள் விரலைக் கொடுக்கிறார்? வாழ்நாள் வேலையைப் பார்க்காமலேயே பேசி முடிக்கலாமோ?

ஆகையால் நாம் சொல்லும் யோசனை இது. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், அருகிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு மாதமாவது ஊதியமில்லாமல் உதவி செய்து பாருங்கள்.

பயிற்சியிலேயே பள்ளிக்கூட அனுபவம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான். 2014-ம் ஆண்டு விதிகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் இருபது வாரம் பள்ளியில் செலவிடவேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில் வருகிறது. அதற்குள் பணமும் காலமும் போய்விடும்; "இது எனக்கு ஒத்துவராது" என்று சொல்லும் துணிவும் கூடவே போய்விடும். மேலும் ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11-ல் தீர்ப்பளித்தது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புகிறவர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாளைத் தேறவேண்டும். எந்த வயதுப் பிள்ளைகளோடு நமக்கு ஒத்துப்போகும் என்பதை அறியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிற்பாடு கலங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர்களுக்குப் பாதுகாவலர் யார்? அர்ச். ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் அவரை அவ்விதம் ஏற்படுத்தினார். அவர் இந்த வேலைக்கு வந்த விதம் வேடிக்கையானது. பிரான்சு தேசத்து ரேம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த குருவானவர் அவர். 1679-ல் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி திறக்க ஒருவர் வந்தபோது, வழி சொல்லி உதவினார். அவ்வளவே அவர் நினைத்தது. பிறகு அங்கே கற்பித்தவர்களைப் போய்ப் பார்த்தார். அவர்களுக்குப் பாடமும் சரியாகத் தெரியாது, பிள்ளைகளை நடத்தவும் தெரியாது. மனம் பொறுக்காமல் அவர்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார். பின்பு தம் வீட்டிலேயே குடிவைத்தார். உறவினருக்கு மகா கோபம்! கடைசியில் அவரே வீட்டை விட்டு, பதவியையும் விட்டு, அவர்களோடு போய்ச் சேர்ந்தார். இதன் முடிவு முதலிலேயே தெரிந்திருந்தால் தாம் இதைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பது பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்ட சங்கதி. தேவ அழைத்தல் அநேகமாக இப்படித்தான், சிறு உதவியாக உள்ளே நுழைகிறது.

புதிய உபாத்தியாயரைப் பழக்குவதற்கு அவர் சபையில் ஒரு முறை வகுத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து நீக்கவேண்டிய குறைகளுக்கு அதில் ஒரு பட்டியலே உண்டு. அதன் தலைப்பில் நிற்பது எது தெரியுமா? பேசவேண்டுமென்னும் அரிப்பு! நல்லாசிரியருக்கு அவர் சொன்ன பன்னிரண்டு புண்ணியங்களில் மெளனமும் ஒன்று. தொண்டை வற்றப் பேசுகிறவரே நல்ல வாத்தியார் என்றெண்ணும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்யும்.

நம் நாட்டிலும் உதவிக்கு நின்று கற்றுக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாவிக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை இருந்தான். சிறுவர்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டுவது அவன் பொறுப்பு. சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை 1789-ல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் குரு, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கலானார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது.

நம் கண் முன்னேயே நடந்தது ஒன்றும் உண்டு. கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்து, எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்காக, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிற்று. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ படித்தவர்களே போதும் என்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலை வேளையில் சுமார் ஒன்றரை மணி நேரம். லட்சக்கணக்கானோர் முன்வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அடுப்படியைத் தவிர வேறு இடமறியாத எத்தனையோ பெண்கள், 'என்னாலும் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தர முடியும்' என்று அறிந்தது அந்தத் திண்ணைகளிலேதான்.

இனி, போய்க் கேட்பது எப்படி?

கையை வீசிக்கொண்டு போய் நிற்கவேண்டாம். பெயர், வயது, படிப்பு, எந்த நாட்கள், எத்தனை மணி நேரம், எதற்காக என்று ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். பங்குக் குருவிடமிருந்தோ படித்த கல்லூரியிலிருந்தோ ஓர் அறிமுகக் கடிதமும், ஆதார் நகலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியானால் தலைமையாசிரியரிடம் கொடுக்கவேண்டும். அவர் வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். முன்பின் தெரியாதவரைக் குழந்தைகள் நடுவே விடாதிருப்பது அவர் கடமை. கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைப் பற்றியே நாம் யோசிக்கவேண்டும். உதவி பெறும் பள்ளியானால் தாளாளரின் சம்மதமும் தேவை. தேர்வு நாட்களிலும் ஆண்டு விழா நெருக்கடியிலும் போகாதீர்கள். சான்றிதழுக்காகப் போவதாயின் போகவே வேண்டாம். அதற்குத் தகுதித் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

உள்ளே போனவுடன் கரும்பலகைப் பக்கம் போகாதீர்கள். முதல் வாரம் கடைசிப் பாயில் உட்கார்ந்து பாருங்கள். நம் சுற்றுவட்டக் கிராமங்களில் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் உண்டு. நாலாம் வகுப்புக்கு டீச்சர் வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? யார் கை தூக்குவதேயில்லை? விசைத்தறிக்கும் ஆலைக்கும் வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளை, எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறதே, அதற்கு விஷயம் விளங்கித்தான் சிரிக்கிறதா? இவற்றைக் கவனியுங்கள்.

பிறகு டீச்சரிடம் ஒரே ஒரு வேலை கேளுங்கள்: பிள்ளைகள் ஒவ்வொருவராக வாய்விட்டு வாசிப்பதைக் கேட்கும் வேலை. முப்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்து நிமிஷம் என்றால் நூற்றைம்பது நிமிஷம். எந்த ஆசிரியருக்கு நாள்தோறும் இரண்டரை மணி நேரம் இதற்குக் கிடைக்கும்? உங்களிடம் அது இருக்கிறது. டீச்சர் கண்பார்வையிலே, வராந்தாவிலோ வேப்பமரத்தடியிலோ உட்கார்ந்து கேளுங்கள். 'கொடி' என்ற சொல்லில் ஒரு குழந்தை திணறினால் அது மந்தம் என்று எண்ணாதீர்கள். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, துணைக்கால் பின்னே நிற்கிறது. ஓசையோ இரண்டும் சேர்ந்து ஒன்றாய் வருகிறது. நமக்குப் பழகிவிட்டதால் இதிலுள்ள சிரமம் மறந்துபோயிற்று.

இதை எழுதுபவர் தாம் செய்த பிழையையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். கல்லூரி விடுமுறையில் ஒரு பள்ளிக்கு இவ்விதம் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். "தப்பு கண்ணு" என்று அழித்து, கடன் வாங்கிக் கழித்து 25 என்று நானே போட்டுக் கொடுத்தேன். அவனும் சந்தோஷமாய்ப் போய்விட்டான். சாயங்காலம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, அவன் 35-னு எப்படிப் போட்டான்னு கேட்டீங்களா?" என்றார்கள். கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுங்க, அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேன். பெருசுலதான சிறுசக் கழிக்கோணும்?" என்றான். அவனுக்கு ஒரு விதி இருந்தது! யாரோ எப்போதோ சொன்னதை நம்பி அவன் ஒழுங்காகத்தான் நடந்தான். நான் விடையை மாற்றினேனே தவிர அவன் விதியைத் தொடவேயில்லை. அப்புறம் டீச்சர் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகச் சிறு பைகளில் கட்டிக்கொண்டு வந்து, ஒரு பையை அவனையே அவிழ்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டு கொட்டையிலிருந்து ஏழு எடுத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஆசிரியனாவதென்று தீர்மானித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாருக்கும் அவ்விதம் தோன்றவேண்டுமென்பதில்லை. நாள் முடிவில் தலைவலியும் எரிச்சலுமே மிஞ்சினால், அதையும் சற்பிரசாத நாதர் முன்னிலையில் உண்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். முதல் வாரக் களைப்பைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அது எவருக்கும் வரும். நாலாம் வாரத்திலும் காலையில் அந்த வாசற்படியில் கால் வைக்க மனம் கூசினால், வேறு வேலை தேடுவது தோல்வியாகாது. பெற்றோர் இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். கைப்பேசியில் படமெடுக்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் மிட்டாய் வாங்கித் தராதீர்கள். அடிப்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது; மனம் நோகப் பேசுவதும் அப்படியே. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். உடனே தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். 1098 என்ற எண்ணுக்கும் சொல்லலாம். பாலியல் தீங்காயின், 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவர் ஒவ்வொருவருக்கும் கடமை. பிறரிடம் சொன்னதோடு அது தீராது. மேலும், அரசுப் பள்ளிக்கு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே நாம் ஞானோபதேசம் நடத்தப் போகவில்லை. நேரம் தவறாமல் வருவதும், பொறுமையாகக் கேட்பதும் போதும்.

கடைசியாக ஒன்று. மாதம் முடிந்ததும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வராமற்போன ஆளுக்காகச் சிறு பிள்ளைகள் வெகு நாள் வாசலைப் பார்ப்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே, "வெள்ளிக்கிழமையோட நான் வரமாட்டேன், கண்ணுகளா" என்று சொல்லிவிடுங்கள். டீச்சரிடம், எந்தப் பிள்ளை எந்தப் பாடம் வரை வாசித்தது என்று குறித்த தாளை ஒப்படையுங்கள். அடுத்து வருகிறவர் அதே பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.