சவலைப் பிள்ளையும் கீலா ஹதீஸும்

 

பால்குடிப் பிள்ளை மடியில் இருக்கும்போதே மனைவி அடுத்த பிள்ளையைச் சுமந்துவிட்டால், மூத்ததற்குப் பால் கொடுக்கலாமா, நிறுத்த வேண்டுமா? இதுதான் இன்றைய தலைப்பு. பெண்கள் பயானில் பேச வேண்டியதை ஹழ்ரத் ஜும்ஆவில் பேசுகிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டில் இந்த முடிவை எடுக்கிறவர்களும், எடுக்கவிட்டுப் பேசாமல் இருக்கிறவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் இங்கேதான் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப்பக்கம், மேலப்பாளையம் ஆகட்டும், பேட்டை, பத்தமடை ஆகட்டும், என்ன நடக்கிறது? மாதம் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கே, "கர்ப்பப் பால் பிள்ளைக்கு ஆகாது, சவலையாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மார்பில் வேப்பெண்ணெய் தடவி, இரண்டு ராத்திரி பிள்ளையை அழவிட்டு, பாலை மறக்கடித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பத்து மாதமோ, பதினொரு மாதமோதான் ஆகியிருக்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கு டீயில் நனைத்த வர்க்கியும் பாக்கெட் பிஸ்கெட்டும்தான். மூன்றே மாதத்தில் கைகால் சூம்பி, வயிறு முன்னால் வந்து, சிணுங்கிக்கொண்டே திரியும். "பார்த்தீர்களா, கர்ப்பப் பால் வேலையைக் காட்டிவிட்டது" என்பார்கள். பாலை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகு பால் எப்படி வேலை காட்டும்?

சவலை என்ற சொல் சாதாரணச் சொல் அல்ல. தம்பியோ தங்கையோ வந்துவிட்டதால் தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளையைத்தான் தமிழில் சவலைப் பிள்ளை என்பார்கள். ஆப்பிரிக்காவில் அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட, இன்றைய கானா நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றினார். இப்படி மெலிந்து வீங்கிய பிள்ளைகளைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல் அந்த நோய்க்குக் குவாஷியோர்கர் என்று, அந்த ஊர் மக்களின் கா மொழியில் வழங்கிய பெயரையே வைத்தார். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததைப் பிடிக்கிற நோய் என்பது அதன் பொருள். நம் தாமிரபரணிக் கரையிலும் அந்தக் கடற்கரையிலும் பெண்கள் ஒரே விஷயத்தைக் கண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவர் அங்கே பார்த்தது என்ன? பாலை இழந்த பிள்ளைக்கு வெறும் மக்காச்சோளக் கூழ் கிடைத்தது. உடம்பு வளர்வதற்கான புரதம் கிடைக்கவில்லை. கெடுத்தது பாலில் இருந்த எதுவும் அல்ல. பால் போனதும், அந்த இடத்தை நிரப்ப நல்ல உணவு வராததும்தான் கெடுத்தது.

அரபிகளிடமும் இதே அச்சம் இருந்தது. அவர்கள் அதை கீலா, கைல் என்று அழைத்தார்கள். பாலூட்டும் மனைவியோடு கணவன் கூடுவதே கீலா என்று இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் விளக்குகிறார்கள். கர்ப்பிணி பாலூட்டுவதுதான் கீலா என்று மொழி அறிஞர் இப்னுஸ் ஸிக்கீத் சொல்கிறார். இரண்டும் ஒரே அச்சத்தின் இரு முனைகள்தாம்.

உக்காஷா (ரலி) அவர்களின் சகோதரி ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அவர்களிடமிருந்து அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கீலாவைத் தடுத்துவிடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். பிறகு ரோமர்களும் பாரசீகர்களும் அப்படிச் செய்வதையும், அதனால் அவர்களின் பிள்ளைகளுக்குத் தீங்கு வராததையும் கருதித் தடுக்கவில்லை. கவனியுங்கள்! மக்களிடம் பரவியிருந்த ஒரு நம்பிக்கையை, வேறு சமூகத்தாரின் பிள்ளைகளுக்கு நடப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் முஸ்லிம்களா இல்லையா என்பது அங்கே கேள்வியாகவே வரவில்லை. டாக்டரம்மா வேறு மதத்தவர், அவர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும் என்கிறவர்கள் இந்த ஹதீஸை இன்னொரு தடவை படிக்கட்டும்.

அபூதாவூதில் அஸ்மா பின்த் யஸீத் (ரலி) வழியாக வேறொரு அறிவிப்பும் இருக்கிறதே என்று ஆலிம்கள் கேட்பார்கள். இருக்கிறது. குதிரை வீரனைப் பிற்காலத்தில் கீழே தள்ளும் அளவுக்குக் கைல் அவனைப் பலவீனப்படுத்தும் என்ற கருத்து அதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருக்கிறது. அதை ஏற்றவர்களும் ஹராம் என்று சட்டம் சொல்லவில்லை. இயன்றால் பேணிக்கொள்ளும் அறிவுரை என்றே இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள்.

ஆகவே மார்க்கத்தில் தடை இல்லை. உடல் விஷயம் என்ன? கர்ப்பத்தின் நடுவில், நான்கைந்து மாதத்தில், பால் தானாகவே குறையும், ருசியும் மாறும். சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும், சில விடாது. பிள்ளை சப்பும்போது கர்ப்பப்பை லேசாக இறுகுவது உண்டு. ஆரோக்கியமான கர்ப்பத்தில் இதனால் கரு கலைவதாகத் தெரியவில்லை. ஆனால் முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர், உதிரப்போக்கு உள்ளவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், கர்ப்பப்பை வாய் பலவீனமானவர் ஆகியோர் டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். மடியில் இருப்பது ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு உணவே கிடையாது. பால் குறைந்தால் எடை உடனே இறங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு போங்கள்.

சாதாரணமாக நமக்குள்ள ஆபத்து வேறு. ஒரே உடம்பு மூன்று உயிருக்குச் சோறு போடுகிறது, அந்த உடம்புக்குச் சோறு போடுவது யார்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இன்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியின் அடியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைச் சொன்ன கையோடு, அந்தத் தாயின் உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு என்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இது நஃபகா பாடம், கணவனின் கடமை. முட்டை, பருப்பு, மீன், கீரை வாங்கிக் கொடுப்பதைத் தயவு என்று நினைக்காதீர்கள். கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை அரசு இலவசமாகத் தருகிறது. அங்கன்வாடியில் சத்துமாவும் கிடைக்கிறது. அதை வாங்கி ஆட்டுக்குப் போடுகிற வீடுகள் நம்மில் உண்டு.

அதே வசனம் இன்னொன்றும் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன்பே பால் நிறுத்துவதென்றால், கணவனும் மனைவியும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்பியிருந்தால் குற்றமில்லை என்கிறது. இருவரும்! மாமியார் தனியாகச் சொல்வதும் கணவன் தனியாகக் கட்டளையிடுவதும் அந்த ஆலோசனை ஆகாது. பெற்றவள் அழுதுகொண்டே வேப்பெண்ணெய் தடவுவதை மன ஒப்புதல் என்று யார் சொல்வது?

உமர் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே பொருந்தும். மதீனாவில் ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கிய இரவில், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோடு காவலுக்கு நின்றார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபோது, பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் இப்போதே மறக்கடிக்கிறேன் என்றார் அந்தத் தாய், எதிரில் நிற்பவர் யாரென்று அறியாமல். அன்றைய ஃபஜ்ரில் கலீஃபா ஓதியது அழுகையில் புரியவில்லை என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். பிறகு, பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பால் நிறுத்தாதீர்கள், இனி பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். சட்டத்தில் இருந்த ஒரு சிறு ஓட்டை பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. நம்மிடம் அதைப் பறிப்பது வழக்கம்.

நிறுத்தத்தான் வேண்டுமென்றால், படிப்படியாக நிறுத்துங்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றித் துஹ்ஃபதுல் மவ்தூதில் எழுதிய இப்னுல் கய்யிம் அதையே சொல்கிறார்; கடும் வெயில் காலத்தைத் தவிர்க்கவும் சொல்கிறார். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் பால் மறக்கடித்துப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பொறுப்பு? நிறுத்தாமல் பிரசவம் வரை போனவர்கள் ஒன்றைப் பேண வேண்டும். சீம்பால் முதலில் புதுப் பிள்ளைக்கு. அதன் வயிறு நிறைந்த பிறகே மூத்தது.

பீடி சுற்றும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. புகையிலைத் தூள் ஒட்டிய கையோடும் துணியோடும் பிள்ளையை அணைக்க வேண்டாம். கைகழுவி, மேல்துணி மாற்றிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முறத்தின் பக்கத்தில் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். கர்ப்பிணியாக இருக்கும் மாதங்களில் ஆயிரம் பீடிக் கணக்கை நீங்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன?

பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காது என்பது பாதி உண்மைதான். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் குர்ஆன் சொல்லும் இரண்டு ஆண்டுகளும் ஒத்துப்போகின்றன. மனைவியின் சம்மதத்தோடு தற்காலிகமாக இடைவெளி விடுவதை, ஸஹாபாக்கள் செய்த அஸ்லை ஆதாரமாக வைத்து அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள்.

கடைசியாக நோன்பு. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பை விடச் சலுகை உண்டு; திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் பிறகு களா செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில், தன் உடலுக்கு அஞ்சி விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவோடு, நாளுக்கு ஒரு முத்து உணவு ஃபித்யாவும் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரண்டு மூன்று ரமளான் பாக்கி சேர்ந்திருக்கும். எந்த வருடம் எத்தனை, எந்தக் காரணத்துக்காக என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதைக் கொண்டுவந்தால் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.