முகாம் அடுப்பின் தீ ஏன் சுருங்குகிறது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. உங்களில் பலர் சாரணர் முகாமுக்கோ செம்பிறைச் சங்க முகாமுக்கோ புறப்படத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். பையில் கூடாரம், கைவிளக்கு, அரிசி, சார்டின் டின் ஆகியவற்றோடு ஒரு சிறிய கேஸ் அடுப்பும் இருக்கும். இந்த வாரப் பாடம் அந்த அடுப்பைப் பற்றியது.

நான் படிவம் 4 படித்தபோது கேமரன் மலையில் ஒரு முகாமுக்குச் சென்றேன். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. சோறு பாதி வெந்திருந்தபோது அடுப்பின் தீ சுருங்கத் தொடங்கியது. டின்னைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே திரவம் குலுங்கியது. பாதிக்கு மேல் மீதி இருந்தது. அப்படியானால் தீ ஏன் எரியவில்லை? மழையும் காற்றும்தான் காரணம் என்று முடிவு செய்தோம். அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து, சாரல் அடிக்காமல் ஜிப்பையும் இழுத்து மூடினோம்.

சிறிது நேரத்தில் இருவருக்குத் தலைவலி. ஒருவனுக்குக் குமட்டல். நாள் முழுக்க நடந்த களைப்பு என்றுதான் நினைத்தோம். சுற்றிப் பார்க்க வந்த ஆசிரியர் ஜிப்பைத் திறந்தார். அடுப்பைப் பார்த்ததும் எங்கள் ஆறு பேரையும் மழையிலேயே வெளியே இழுத்து உட்கார வைத்தார். அன்று வாங்கிய திட்டு மட்டும்தான் எங்களுக்குப் புரிந்தது. அதன் பின்னால் இருந்த அறிவியலைப் பிறகு வேதியியல் வகுப்பில்தான் புரிந்துகொண்டேன். நீங்கள் அதை முகாமுக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

டின்னுக்குள் இருப்பது என்ன?

கேஸ் டின் என்று சொல்கிறோம். ஆனால் அதைக் குலுக்கினால் தண்ணீர் போல் சத்தம் கேட்கிறது. காரணம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். அழுத்தத்தில் அடைத்து வைக்கப்பட்ட பியூட்டேன் அல்லது புரொப்பேன், சில டின்களில் இரண்டும் கலந்த கலவை. திரவத்துக்கு மேலே உள்ள சிறிய இடத்தில் மட்டும் அதன் ஆவி நிறைந்திருக்கும். அடுப்பைத் திருகும்போது வெளியே வந்து எரிவது அந்த ஆவிதான். ஆவி வெளியேறியதும், குறைந்ததை ஈடுகட்ட உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகிறது.

ஆகவே அடுப்பின் மேலே சோறு கொதிக்கிறது. டின்னுக்குள் எரிபொருள் கொதிக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், முகாம் அடுப்பைப் பற்றிய பல விதிகள் தாமாகவே விளங்கும்.

கொதிக்க வெப்பம் வேண்டும். பானைக்கு வெப்பம் தீயிலிருந்து கிடைக்கிறது. டின்னுக்குள் இருக்கும் திரவத்துக்கு? அது தன் சொந்த வெப்பத்தையும் டின்னின் சுவரில் உள்ள வெப்பத்தையும் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். உங்கள் இயற்பியல் பாடத்தில் 'ஹாபா பெண்டாம்' என்று படிப்பது இதையே. அடுப்பு எரியும்போது டின்னைத் தொட்டால் சில்லென்று இருப்பதும், அதன் மேல் பனித்துளி போல் நீர் அரும்புவதும் இதனால்தான்.

ஒரு சிறிய கணக்கு

முழுத் தீயில் எரியும் ஒரு சிறிய அடுப்பு மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் பியூட்டேனை எரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 25 கிராம். ஒரு கிராம் பியூட்டேன் ஆவியாக ஏறக்குறைய 370 ஜூல் வெப்பம் தேவை. ஆக 25 × 370 = 9,250 ஜூல்.

டின்னில் 125 கிராம் திரவம் இருக்கிறது. ஒரு கிராம் திரவ பியூட்டேன் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 2.4 ஜூல் வெளிவிடும். 125 கிராமுக்கு ஒரு டிகிரிக்கு 300 ஜூல். 9,250-ஐ 300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31. அதாவது, வெளியிலிருந்து துளி வெப்பமும் வராவிட்டால் பத்தே நிமிடத்தில் திரவம் 31 டிகிரி குளிர்ந்துவிட வேண்டும்!

உண்மையில் அவ்வளவு குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்று டின்னுக்கு வெப்பம் தந்துகொண்டே இருக்கிறது. போர்ட்டிக்சன் கடற்கரையில் 30 டிகிரி வெயிலில் காற்று தாராளமாகத் தரும். கேமரன் மலையில் இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது அது தருவது குறைவு.

அடுத்து அழுத்தத்தைப் பாருங்கள். 20 டிகிரியில் பியூட்டேன் ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. அதனால் ஆவி வேகமாக வெளியே பாய்கிறது. பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 0.5 டிகிரி. டின் அந்த அளவை நெருங்க நெருங்க, உள்ளே இருக்கும் அழுத்தமும் கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாகிவிடும். பிறகு ஆவியை வெளியே தள்ள ஒன்றுமில்லை. டின்னில் எரிபொருள் இருந்தும் தீ சுருங்கிவிடும். அன்று எங்கள் அடுப்புக்கு நேர்ந்தது இதுதான். அடுப்பு கெடவில்லை, டின் குளிர்ந்துவிட்டது.

புரொப்பேனின் கதை வேறு. அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 42 டிகிரி. பனி பெய்யும் நாடுகளில் முகாமிடுவோர் புரொப்பேனை விரும்புவது இதனால்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 20 டிகிரியில் புரொப்பேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு மடங்குக்கும் அதிகம். மெல்லிய டின் அதைத் தாங்காது. கனத்த எஃகு உருளை வேண்டும். எனவே எந்த அடுப்புக்கு எந்த எரிபொருள் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறதோ அதை மட்டுமே பொருத்துங்கள். காலியான டின்னில் வேறு வாயுவை நிரப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

தீ சுருங்கினால் என்ன செய்வது?

அடுப்பை அணையுங்கள். ஆறியதும் டின்னைக் கழற்றி, காற்றுப்படாத இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். அல்லது இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடல் வெப்பமே போதும். இன்னொரு டின் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பானையை மூடிச் சமைத்தால் எரிபொருளும் மிச்சமாகும்.

டின்னைத் தீயில் காட்டவே கூடாது. கொதிநீரிலும் வைக்கக் கூடாது. 50 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடும். அதற்கு மேல் சூடேறினால் இன்னும் விரைவாக உயரும். டின்னின் மேல் '50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்' என்ற எச்சரிக்கை இருப்பதன் பொருள் இதுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் டின்னை விட்டுச் செல்வதும் இதே ஆபத்துதான்.

அடுப்பைவிட அகலமான பானையையும் வைக்காதீர்கள். பானையின் அடியில் பட்டுத் திரும்பும் சூடு, பக்கத்தில் இருக்கும் டின்னின் மேல் இறங்கும். நம் வீடுகளில் 'ஸ்டீம்போட்' சமைக்கும் கேஸ் அடுப்பில் டின் மிகவும் சூடேறி அழுத்தம் கூடினால், பாதுகாப்புப் பொறி 'டக்' என்று டின்னை விடுவித்துத் தீயை அணைத்துவிடும். அடுப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி உடனே மீண்டும் அழுத்திப் பொருத்துவோர் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அது அடுப்பு கொடுத்த எச்சரிக்கை. முழுதும் ஆறட்டும், பிறகு பானையை மாற்றுங்கள்.

வேறு சில கோளாறுகள்

தீ திடீரென்று உயரமாகவும் மஞ்சளாகவும் பொங்கினால், ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளியே வருகிறது என்று பொருள். டின் தவறான பக்கம் திரும்பியிருக்கலாம். நீண்ட டின்னின் கழுத்து வளையத்தில் ஒரு சிறிய வெட்டு இருக்கும். டின்னைப் படுக்க வைக்கும்போது அந்த வெட்டு மேலே இருந்தால்தான் உள்ளே உள்ள குழாய் திரவத்துக்கு மேலிருந்து ஆவியை மட்டும் எடுக்கும். எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைச் சாய்க்காதீர்கள்.

தீ எப்போதும் மஞ்சளாக எரிந்து பானையின் அடியில் கரி பிடித்தால், காற்று போதவில்லை. காற்று நுழையும் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த அடுப்பில் இது வழக்கம். டின்னைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். வாயு வரும் நுண்துளையை ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் தீயின் அளவே மாறிவிடும்.

'உஸ்' என்ற சத்தம் வந்தும் தீ பற்றாவிட்டால், மீண்டும் மீண்டும் திருகிப் பார்க்காதீர்கள். உடனே மூடிவிட்டு, வெளியேறிய வாயு கலையும் வரை சில நிமிடம் காத்திருங்கள். பொறி தட்டும் முனை ஈரமாகியிருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு மீண்டும் முயலுங்கள்.

வாயு வாடை வந்தால், மூடி இருக்கும்போதே கசிகிறது. பியூட்டேனுக்கும் புரொப்பேனுக்கும் சொந்த வாடை கிடையாது. கசிவு நமக்குத் தெரிய வேண்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. எனவே கலைந்து மேலே போகாமல் தரையிலும் பள்ளத்திலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். கசிவைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள். இணைப்பின் மேல் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழ் விட்டால் கசிவு உண்டு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றும் வரை அந்த அடுப்பை ஏற்றக் கூடாது.

கூடாரத்துக்குள் நடந்தது

இப்போது எங்கள் தலைவலிக்கு வருவோம். ஒரு புரொப்பேன் மூலக்கூறு முழுமையாக எரிய 5 உயிர்வளி மூலக்கூறுகள் தேவை. அப்போது 3 கரிவளி மூலக்கூறுகளும் 4 நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் உயிர்வளி. ஆகவே ஒரு லிட்டர் புரொப்பேன் வாயு எரிய ஏறக்குறைய 24 லிட்டர் காற்று வேண்டும். பியூட்டேனுக்கு இன்னும் அதிகம்.

ஜிப் மூடிய கூடாரத்தில் ஆறு பேர் மூச்சுவிடுகிறார்கள், அடுப்பும் எரிகிறது. உயிர்வளி குறையக் குறைய எரிதல் அரைகுறையாகிறது. அப்போது கரிவளிக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. அது நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. அடுத்து மயக்கம். அசதியைக் களைப்பு என்று நினைத்துப் படுத்துத் தூங்கியவர்கள் எழாமலே போவதும் உண்டு. அன்று நாங்களும் சோறு வெந்ததும் தூங்கத்தான் இருந்தோம்.

ஆகவே மழை கொட்டினாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றாதீர்கள். நான்கு பக்கமும் திறந்த கூரையின் கீழ் சமையுங்கள். முடியாவிட்டால் அன்று ரொட்டியும் சார்டினும் போதும். அடுப்பு எரியும் இடத்தில் ஒருவருக்குத் தலைவலி என்றால், அனைவரும் வெளியே வந்து நல்ல காற்றை சுவாசியுங்கள். பொறுப்பாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். மயங்கியவர் இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும்

அடுப்பு ஆறிய பின் டின்னைக் கழற்றித் தனியே வையுங்கள். சிந்திய குழம்பைத் துடைத்து அடுப்பை நன்கு உலர்த்துங்கள். ரப்பர் வளையத்தைப் பாருங்கள். துருப்பிடித்த, நசுங்கிய டின்னைப் பயன்படுத்தாதீர்கள். டின்னில் எவ்வளவு மீதி என்று அறிய, புதிதாக இருக்கும்போதே சமையல் தராசில் நிறுத்து எடையை அதன் மேல் எழுதி வையுங்கள். மறுமுறை நிறுத்தால் கணக்கு கிடைத்துவிடும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கைகளைத் தூய்மையாக்கும் ஆல்கஹால் திரவத்தை உள்ளங்கையில் தடவுங்கள். குளிர்ச்சி ஏன்? கேஸ் டின் குளிர்வதோடு இதை ஒப்பிடுங்கள்.

2. கேமரன் மலையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிடக் குறைவு. இது டின்னிலிருந்து ஆவி வெளிவர உதவுமா, தடுக்குமா?

3. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த டின்னில், பாதி எரிந்த பிறகு எந்த வாயுவின் விகிதம் கூடியிருக்கும்? கொதிநிலைகளைக் கொண்டு விளக்குங்கள்.

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். முகாமுக்குப் போகும் முன், உங்கள் குழுவின் அடுப்பையும் அவர் முன்னிலையில் ஒரு முறை சோப்பு நீரால் சோதித்துவிடுங்கள்.