மேசைமேல் இருக்கும் கல்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு, வாதுமைப் பருப்பின் வடிவம். 1986இல் ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) பக்கம், ரயில்பாதைக் கரையை உயர்த்தச் சரளை வெட்டிய குழியில் கேங்மேன் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அழகாக இருக்கிறதே என்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பின், தொல்லியல் படித்த நண்பரிடம் அதைக் காட்டினேன். பழைய கற்காலக் கைக்கோடரி என்றார். "எந்த இடம்? எத்தனை அடி ஆழம்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்று லெவல் புத்தகமும் பென்சிலும் கையிலேயே இருந்தன. ஒரு வரி எழுதவில்லை. "அப்படியானால் இது இனி அழகான கல், அவ்வளவுதான்" என்றார்.

கருவியை அடையாளம் காண்பது எப்படி? ஜல்லி உடைத்த எனக்கு இது எளிதில் புரிந்தது. ஜல்லி மனம்போனபடி உடையும். கருவியில் அடி விழுந்த தடங்கள் சிப்பியின் உட்புறம்போல் குழிந்து, ஒன்றையடுத்து ஒன்றாக, இரு முகங்களிலும் வரிசையாக இருக்கும். அவை சேருமிடத்தில் கூரான விளிம்பு உண்டாகும்.

இடம் ஏன் முக்கியம்? ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில், சரளைக் குழியிலிருந்து வெளியே கொட்டிய மண்ணில் கற்கருவி ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில், சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்திலும் கண்டார். கண்ட இடங்களை எழுதி வைத்தார். அதனால்தான் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும் சாந்தி பப்பு குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் அடுக்கடுக்காக அகழ முடிந்தது. மண்ணுக்குள் புதைந்த கல்லில், விண்கதிர்களால் முன்பே உண்டான அபூர்வ அணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. எஞ்சியதை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். என் கல்லுக்கோ எந்த அடுக்கும் இல்லை, ஊரும் இல்லை.

இத்துறையில் ஆர்வலர்களுக்கு இடமில்லை என்று எண்ண வேண்டாம். வாகன்கர் அடிப்படையில் ஓவியர். 1957இல் ரயிலில் போகும்போது தொலைவில் தெரிந்த பாறைகளைப் பார்த்து, தேடிப் போய், பீம்பேட்கா குகைகளை உலகறியச் செய்தார். பின்னர் அங்கே நடந்த அகழாய்வுகளில் கைக்கோடரிகளும் கிடைத்தன.

போபாலில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறையில் பீம்பேட்காவுக்கும் நர்மதைக் கரைக்கும் போகிறோம். பிள்ளைகள் கல் பொறுக்குவார்கள். அவர்களுக்கு மூன்று சொல்லிக் கொடுங்கள்: கண்ட கல்லை அங்கேயே விடு, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடு, ஊர், ஆறு, தேதி, மேற்பரப்பா குழியா என்று எழுதித் தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவி. பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து எதையும் எடுப்பது குற்றமும்கூட.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் என் கல்லைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். "எங்கே கிடைத்தது தாத்தா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.