'மாட்டேன்' என்னும் சொல்

மனைவியின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்தால் எது குறையும்? இரண்டு படங்களைக் கொண்டு இதை ஆராய விழைகிறேன்.

ஐரா லெவின் 1972இல் எழுதிய நாவலை 'தி ஸ்டெப்ஃபோர்டு வைவ்ஸ்' என்று 1975இல் பிரையன் ஃபோர்ப்ஸ் படமாக்கினார். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் கணவன்மார் சங்கமாகக் கூடி, மனைவியரைத் தீர்த்துவிட்டு, அதே சாயலில் இயந்திரப் பெண்களைக் குடிவைக்கின்றனர். வீடு துலங்குகிறது, சமையல் மணக்கிறது. 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் ஊரிலேயே இல்லை.

ஷங்கரின் 'எந்திரன்' (2010) இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே இயந்திரமே மாப்பிள்ளையாக நிற்கிறது. சனாவைத் திருமண நாளில் கவர்ந்து செல்லும் சிட்டி, தன்னைப்போல் எத்தனையோ பிரதிகளைச் செய்துகொள்கிறது. அவளுடைய மறுப்பை மாற்றத்தான் வழியில்லை. மீட்கச் செல்லும் வசீகரனோ இயந்திரம்போல் நடித்து அக்கூட்டத்தில் கலக்கிறார். (சண்டைக் காட்சிகளின் நீளம் எனக்கு உவப்பன்று.)

இவற்றை ஒப்பிடத் தூண்டியது எங்கள் வீட்டு நிகழ்ச்சியே. சென்ற தை மாதம் வேப்பம்பட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு எதிர்த்துப் பேசாதில்ல?" என்றார் பெரியவர் ஒருவர். அப்பா சிரித்தபடி தலையாட்டினார். காப்பித் தட்டுடன் நின்ற அக்கா, "பேசுவேங்க" என்றாள்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், ரயில் நிலையம்வரை சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.